மரம் இல்லாத மரத்தடி

எங்கள் பகுதியில் மீன் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகிறேன் என்று சொல்வதில்லை. மரத்தடிக்குப் போகிறேன் என்பார்கள். புதுப்பட்டினத்தின் கடைத்தெரு முடிந்து, கடலுக்குப் போகும் பாதை பிரிகிற இடத்தில் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் கீழே காலை ஏழு மணிக்கு நாலைந்து பெண்கள் அலுமினியக் குண்டான்களையும் பலகைகளையும் பரப்பிக்கொண்டு உட்காருவார்கள். மரத்தை ஒட்டி உட்காருகிற அக்காவிடம்தான் நான் வழக்கமாக வாங்குவேன். நெத்திலி மேல் வெயில் படாமலிருக்க அந்த மரத்தின் இலைகளையே பறித்துப் பரப்பி வைத்திருப்பார். அவருக்கு அறுபதைத் தொடும் வயது. எடையில் பொய் கிடையாது, பேச்சில் தாராளமாக உண்டு.

கார்த்திகை மாதத்துப் புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. தினமும் நாலு வரி எழுதி வைப்பது என் பழக்கம். வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ஒரு தேதி தவறாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைய வரிகளில் காற்றின் திசை, கரண்ட் போன நேரம் எல்லாம் இருக்கின்றன. மரம் விழுந்ததை மறுநாள்தான் எழுத முடிந்தது. போய்ப் பார்த்தபோது ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. டிராக்டரில் கிளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதே இடத்தில், வெறும் வானத்துக்குக் கீழே, பலகையோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் அப்டிப் பாக்கற? மரந்தான் போச்சு. மரத்தடி போவல" என்றார்.

சிரித்தேன். ஆனால் அது சிரிக்கிற விஷயமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதற்கு முந்தைய கோடையில், மரம் இருக்கும்போதே, அவர் ஒருநாள் மயங்கி விழுந்திருந்தார். வெயிலில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவின் அந்தக் கோடியில் கூரை போட்ட மீன் அங்காடி இருக்கிறது. மற்ற பெண்கள் ஒவ்வொருவராக அங்கே மாறினார்கள். இவர் போகவில்லை.

"அங்க போய் உள்ளாற குந்திகினா என்ன எவன் தேடுவான்? முப்பது வருசமா என் அட்ரசே இந்த மரந்தான்."

"சித்திரை வந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவேன், கருவாடா ஆயிடுவேன். நீயே வந்து எட போட்டு வாங்கிகினு போ."

அக்கா வீட்டு ஆட்கள் வெட்டிய கிளைகளிலிருந்து இரண்டு தடித்த போத்துகளை எடுத்து அங்கேயே குழி தோண்டி நட்டார்கள். பூவரசுதானே, குத்தி வைத்தால் வந்துவிடும் என்றார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, டிராக்டரிலிருந்து நழுவி விழுந்த கிளையிலிருந்து விரல் தடிமனில் ஐந்து குச்சிகளை ஒடித்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தேன். அதுவரை என் கையால் ஒரு துளசி கூடப் பிழைத்ததில்லை.

பெயிண்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தேங்காய் நார்த் தூளும் கலந்து, வாளிக்கொன்றாக நட்டு, பால்கனியில் வெயில் விழாத மூலையில் வைத்தேன். மார்கழி பிறந்ததும் மூன்று குச்சிகளில் மொட்டு வெடித்து இலை வந்தது. உள்ளங்கை அகலத்தில், இதய வடிவில், எண்ணெய் தடவியது போல. மற்ற இரண்டும் மொட்டையாகவே நின்றன. நான் துளிர்த்த மூன்றையும் முன்னால் எடுத்து வைத்து, மொட்டைகளைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

"புட்சிகிச்சா?" என்று அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"மூணு பிடிச்சிருச்சுக்கா. இலையே வந்தாச்சு."

திருக்கழுக்குன்றத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கிற என் மனைவி மட்டும் மகிழ்ச்சியில் கலந்துகொள்ளவில்லை. "இலை வர்றதுக்கு வேர் வேணும்னு இல்ல. குச்சிக்குள்ள இருக்கிற சேமிப்பிலேயே அது இலை விடும். தீர்ந்ததும் பாருங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பொங்கலுக்குள் மூன்றும் துவண்டு, கறுத்து, தொட்டால் உதிர்ந்தன. பிடுங்கிப் பார்த்தேன். மண்ணுக்குள் இருந்த பாகம் நட்ட அன்று இருந்த மாதிரியே மழமழவென்று இருந்தது. மரத்தடியில் நட்ட போத்துகளும் அப்படித்தான் இலை விட்டு ஏமாற்றின. ஒன்றை ஆடு மேய்ந்தது. இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு கார் பின்னால் எடுக்கும்போது சாய்த்தது. தூக்கிப் பார்த்தால் அதிலும் வேர் இல்லை.

மீதி இரண்டு வாளிகளையும் காலி செய்துவிடலாம் என்று தை மாதத்தில் ஒரு காலை கல்லுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். ஒரு வாளி தரையோடு லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கித் திருப்பினேன். அடி ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் புழு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. நூல் அளவு வேர். நுனி மட்டும் ஊறவைத்த ஜவ்வரிசி போலக் கண்ணாடியாக மின்னியது. இன்னொரு வாளியிலும் அப்படியே. மேலே ஒரு பச்சைப் புள்ளி கூட இல்லை.

நான் வாளியைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றேன். மனைவி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வந்து பார்த்து, "அட, பல்லு முளைச்சிருக்கு" என்றாள். அன்று அவளுக்குப் பேருந்து தவறியது.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒடித்த கிளை அது. மண்ணையே பார்த்திராத பட்டை. கிளையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்த ஒன்றுக்கு, தன்னுடைய எந்தப் பக்கம் கீழ்ப்பக்கம் என்று யார் சொன்னார்கள்? இருட்டில், எவரும் பார்க்காமல், இலை என்கிற விளம்பரம் கூட இல்லாமல் அது அந்த வேலையைச் செய்திருக்கிறது. மாலையில் எழுத உட்கார்ந்தபோது இன்னொன்றும் உறைத்தது. 'இன்று வேர் விட்டது' என்று எழுதி, அடித்துவிட்டு, 'இன்று வேரைப் பார்த்தேன்' என்று திருத்தினேன். அது விட்ட நாள் எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

வேர் விட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் தொடங்கியது. சில நாளில் இரண்டும் சுண்டைக்காய் அளவில் இலை விட்டன. கடற்காற்று பட்டதும் அவை நண்பகலில் தலை தொங்கின. இருபது லிட்டர் தண்ணீர் கேனை இரண்டாக அறுத்து மேலே கவிழ்த்தேன். ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்தன. கேனின் உட்புறம் அவை விட்ட மூச்சு துளித்துளியாக வழிந்தது. ஒரு குச்சி இவ்வளவு மூச்சு விடுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று கேனை எடுத்துவிட்டால் மறுபடி துவளும். அதனால் முதலில் விளிம்புக்கடியில் ஒரு தீப்பெட்டி வைத்து இடைவெளி விட்டேன். பிறகு இரண்டு தீப்பெட்டி. பிறகு காலையில் மட்டும் திறப்பது, மாலையில் மூடுவது.

தண்ணீரும் சிக்கலாயிற்று. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் உப்பு. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது, இலை ஓரம் கருகியது. கீழ்வீட்டு ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடிக்க ஒரு பக்கெட் வைத்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஏசித் தண்ணியக் கூட வுடமாட்டீங்களா? வாடகைல கழிச்சிக்கவா?"

"செடிக்கு சார்."

"செடிக்கா! நான் ஏசி போட்டாத்தான் அதுக்குத் தாகம் தீரும்னு சொல்லுங்க. கரண்ட் பில்ல பாதி அனுப்புறேன்."

வேர் விட்ட சேதி கேட்டதும் அக்காவுக்கு நிலை கொள்ளவில்லை. அடுத்த முறை சங்கரா மீனோடு ஒரு குளிர்பான பாட்டிலும் கொடுத்தார். கலங்கலாக ஏதோ இருந்தது. "மீன் கழுவுன தண்ணி. எங்க வூட்டு ரோசாவுக்கு இதான். ஊத்திப் பாரு, சும்மா தளதளன்னு வரும்." மறுக்கத் தோன்றவில்லை. எனக்கும் அவசரம் இருந்தது. இரண்டில் நோஞ்சானாகத் தெரிந்த செடிக்குப் பாவம் பார்த்து முழுவதையும் ஊற்றினேன். மூன்றாம் நாள் அது கீழிருந்து கறுத்தது. நேற்று முளைத்த வேருக்குக் கல்யாண விருந்து போட்டிருக்கிறோம் என்றாள் என் மனைவி.

அக்காவிடம் சொன்னபோது அவர் வழக்கம்போலக் கேலி பேசவில்லை. செதில் சீவிக்கொண்டிருந்த கத்தி நின்றது. "என் கை ராசி அப்டி" என்றார்.

"கை ராசி இல்லக்கா. எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. இன்னொண்ணு இருக்கு."

"அதுக்கு ஒண்ணும் ஊத்தாத. நான் தங்கத்த உருக்கிக் குடுத்தாக்கூட ஊத்தாத."

அதற்குப் பிறகு அவர் கேள்வி சுருங்கியது. தூரத்தில் என் தலை தெரிந்ததுமே கேட்பார்: "கீதா?"

"இருக்கு" என்பேன்.

பங்குனியில் ஒருநாள், பக்கத்தில் இறால் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு மிகுந்த பரிவோடு என்னிடம் திரும்பினார். "கீதா உங்க பொண்ணா சார்? உடம்புக்கு ஏதாச்சும்?"

அக்கா பலகையில் அடித்துச் சிரித்தார். இரும ஆரம்பித்து, கண்ணில் நீர் வந்து, அப்போதும் நிறுத்தவில்லை. "பொண்ணுதாம்மா. பக்கெட்ல படுத்துகினு ஏசித் தண்ணி குடிச்சிகினு கீது!" வீட்டிலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. "உங்க கீதாவுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி காபி கலப்பாள்.

சித்திரை வந்தது. அக்கா ஒரு பெரிய கடைக் குடையைக் கல்லில் கட்டி நிறுத்தினார். காற்று அதை இரண்டு முறை புரட்டியது. பத்து மணிக்குள் ஐஸ் தண்ணீராகிவிடும், அதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். பாதி வாடிக்கை அங்காடிக்குப் போயிற்று. ஒருநாள் அவர் இடம் காலியாக இருந்தது. மறுநாளும். மூன்றாம் நாள் வந்தார். முகம் சுண்டியிருந்தது. "தல சுத்துச்சு, படுத்துட்டேன்" என்றார். கேட்கும் முன்பே நான் "இருக்கு" என்றேன். அன்று அதைவிடப் பெரிதாக எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

செடி இப்போது முழங்கால் உயரம். ஆனியில் பெரிய வாளிக்கு மாற்றினேன். பழைய வாளியை வெட்டிப் பிரித்தபோது வேர்கள் வாளியின் வடிவத்திலேயே பின்னி நின்றன, கூடை முடைந்தது போல. இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சுவர் தடுத்த இடத்திலெல்லாம் திரும்பி, வேறு வழி தேடிப் போயிருந்தன. ஒரு வேர் உடைந்தாலும் என்ன ஆகுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன்.

"இவ்வளவு செல்லம் குடுத்தா கடற்கரையில எப்படி நிக்கும்?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆடியிலிருந்து ஏசித் தண்ணீரோடு குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். காலை வெயில், பிறகு மதியம் வரை வெயில், பிறகு மொட்டை மாடி, முழுக் காற்று. முதல் நாள் இலைகள் கிழிந்தன. புதிதாக வந்த இலைகள் தடித்து வந்தன. யாரும் சொல்லித்தராமல் அவை அடுத்த இலையை வேறு மாதிரி செய்தன.

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் செடியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பழைய மரம் பெயர்ந்த இடத்தில் மணல் மூடிக் கிடந்தது. அக்காவின் மருமகன் கடப்பாரை போட்டபோது கறுத்த பழைய வேர்கள் வந்தன. அவற்றுக்கு நடுவிலேயே வைத்தோம். சுற்றிலும் நான்கு கம்பு நட்டு, கிழிந்த வலையைக் கட்டினார்கள். ஆட்டுக்கு வலை, காருக்குக் கல்.

"இதோட வயசு என்னன்னு எழுதுறதுன்னு தெரியலக்கா" என்றேன். "வேர் விட்டதுலேர்ந்து கணக்கா, குச்சிய ஒடிச்சதுலேர்ந்து கணக்கா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அதே மரந்தான சார் இது?"

அந்த மழைக்காலத்தில் பெரிய காற்று இரண்டு முறை அடித்தது. செடி சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. மாசியில் இடுப்பு உயரம் வந்து, ஒரே ஒரு பூ பூத்தது. காலையில் மஞ்சள், சாயங்காலம் செம்பு நிறம்.

சென்ற வாரம் நான் போனபோது, மாமல்லபுரம் போகிற வழியில் நிறுத்தியிருந்த ஒரு காரிலிருந்து இறங்கியவர் அக்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் நண்டு நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"இதான் மரத்தடி" என்றார் அக்கா.

"மரம் எங்கம்மா?"

"இதோ கீதே." வலைக்குள் இருந்த செடியைக் கத்தியால் காட்டினார். "இன்னா பாக்கற? பழைய மரம். நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துச்சு."

வந்தவர் இடுப்பளவு செடியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உதவி கேட்பவர் போல என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். "இன்னா சார், தப்பா சொல்லிட்டேனா?"

பிழை பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தச் சித்திரைக்கும் அவருக்குக் குடைதான். அடுத்ததற்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நண்டுச் சட்டியை எங்கே வைத்திருந்தார் என்று பார்த்தேன். எட்டு ஒன்பது இலைகள் சேர்ந்து மணலில் ஒரு தட்டகலத்துக்கு நிழல் விட்டிருந்தன. சட்டி அதற்குள் இருந்தது. காரில் வந்தவருக்கு நண்டு எடை போட்டபடியே, நிழல் நகர நகர அக்கா அதை ஒரு விரலால் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.