சொறியும் ஜவ்வுத்தாளும்

முதுகலை இரண்டாம் ஆண்டில் எங்கள் தமிழ் வகுப்பு மதுரையிலிருந்து மண்டபம் கடற்கரைக்குச் சுற்றுலா சென்றது. நெய்தல் திணையைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருந்த நான், கடலை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

பழங்காநத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள் எங்களுடன் படித்தாள். கடைகளுக்குப் புதிதாக வரத் தொடங்கியிருந்த வெள்ளை ஜவ்வுத்தாள் பைகளில், அதாவது பாலிதீன் பைகளில், அனைவருக்கும் புளிச்சோறு கொண்டுவந்திருந்தாள். இலைப்பொட்டலத்தில் எண்ணெய் கசியுமாம். உண்டோம், ஊர் வழக்கப்படி பைகளை அங்கேயே போட்டோம். மதுரையில் எதை எறிந்தாலும் ஒரு மாடு வந்து பார்த்துக்கொள்ளும். கடற்கரையில் மாடு இல்லை, காற்று இருந்தது.

பைகள் எழுந்து கடலை நோக்கி உருண்டன. முதலில் கத்தியவள் என் விடுதி அறைத்தோழி. உசிலம்பட்டிக்காரி, விலங்கியல் மாணவி. பேருந்தில் இடமிருந்ததால் எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவள்.

"பிடிங்கடீ! தண்ணிக்குள்ள போச்சுன்னா ஆமை தின்னுரும்!"

"ஆமை எதுக்குடி பையைத் திங்கப்போகுது?" என்று கேட்டேன்.

"அதுக்குச் சொறிமீன்னா, அதான் ஜெல்லிமீன்னா, உசிரு. தண்ணிக்குள்ள ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தின்னா குடலடைச்சுச் செத்துரும்."

கடைக்காரர் மகளின் முகம் வெளிறியது. "எங்கப்பா கடைப் பையாலயா? ஒண்ணையும் விட்டுராதீங்கடீ!"

பிறகு நிகழ்ந்ததை நாகரிகமாக விவரிக்க இயலாது. வகுப்பில் வாய் திறவாத நான் புடவையைச் செருகிக்கொண்டு ஓடினேன், விழுந்தேன், வயிற்றுக்கடியில் ஒரு பை அகப்பட்டதால் வெற்றி முழக்கமிட்டேன். உடன் வந்திருந்த பேராசிரியர்கூடக் குடையை விரித்துக் காற்றை மறித்து நின்றார். இறுதியில் ஒரே ஒரு பை குறைந்தது.

முழங்காலளவு நீரில் அது வெள்ளையாக மிதப்பதைக் கண்டேன். பாய்ந்து இரு கைகளாலும் அள்ளினேன். அது கொழகொழவென்று வழுக்கியது. மறுகணம் கைகளில் தீப்பட்டாற்போல் எரிச்சல்.

"ஐயோ, இது பையில்லடீ!"

அறைத்தோழி எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "ஆமை சொறின்னு பையைத் திங்கும். இவ பைன்னு சொறியப் பிடிக்கிறா! நீ ஆமைக்கு அக்காடி!"

எரிச்சலையும் மீறி எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் உண்மையான பை இன்னும் உள்ளே, ஒரு வள்ளத்தின் அருகே மிதந்துகொண்டிருந்தது. கடைக்காரர் மகள் இரு கைகளையும் வீசிக் கூவினாள்.

"அண்ணே! அந்தப் பையைப் பிடிங்கண்ணே!"

"உள்ள என்னத்தா இருக்கு? நகையா?"

"ஒண்ணுமில்லண்ணே, வெறும் பைதான்!"

வள்ளக்காரர் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துடுப்பால் பையைத் தூக்கிக் கரையோரம் கொண்டுவந்து நீட்டினார். அவள் அதை வாங்கிப் பிழிந்து, மற்ற பைகளோடு திணித்து முடிச்சிட்டாள். சிவந்து தடித்த கைகளோடு நான் சிரித்துக்கொண்டே நின்றேன். ஓட்டுநர் பொறுமையிழந்து ஹாரன் அடிக்கத் தொடங்கியபோதும் என்னால் நிறுத்த முடியவில்லை.