பொற்கொடி சொன்ன ‘போதுங்க’

பொற்கொடிக்கு முப்பத்திரண்டு வயது. சோமனூரில் ஒரு தறிப்பட்டறையில் பதினான்கு வருடமாகத் தார் சுற்றுகிறாள். தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற கட்டைக்கு நாடா என்று பெயர், அதற்குள் வைக்கிற நூல்குச்சிதான் தார். அந்தக் குச்சியில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. சுற்றும்போது பஞ்சுத் தூசி பறக்கும். தலையில் படியும், புருவத்தில் படியும், நெஞ்சுக்குள்ளும் போகும். இரண்டு வருடமாக அவளுக்கு இருமல். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தூசியை விட்டு வெளியே வராவிட்டால் மாத்திரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து எங்கே போவது என்பதை மட்டும் எந்த டாக்டரும் சீட்டில் எழுதுவதில்லை.

அவள் எங்கள் வகுப்பில் சேர்ந்தது அந்த இருமலுக்காகத்தான்.

நான் விமலாராணி. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். பீளமேட்டு சாப்ட்வேர் கம்பெனி ஒன்று, பெண்களுக்குக் கோடிங் கற்றுக்கொடுக்கப் பணம் ஒதுக்கியது. சோமனூரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, பதினான்கு கம்ப்யூட்டர் போட்டு, என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். முதல் கட்டம் நான்கு மாதம், இரண்டாம் கட்டம் ஆறு மாதம். இரண்டாவதில்தான் விஷயமே இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போக லேப்டாப், மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் பீளமேட்டிலேயே இன்டர்வியூ. முதல் கட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், அவ்வளவுதான். இதை நான் முதல் நாளே இருபத்தெட்டுப் பெண்களிடமும் சொன்னேன்.

பொற்கொடி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். ரிசல்ட் வந்த மாதமே கல்யாணமும் வந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் தலையில் பஞ்சோடு அப்படியே வகுப்புக்கு வருவாள். மற்றவர்கள் புரோகிராம் ஓடவில்லையென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். இவள் கூப்பிட மாட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழே வரிவரியாகத் தடவிக்கொண்டு வருவாள்.

“எங்கியோ ஒரு இழை அறுந்திருக்குதுங்க மிஸ். தறி சும்மா நிக்காதுங்க. பாத்துப்போடலாம்” என்பாள்.

பார்த்தும் விடுவாள். இருபது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு கை எனக்கு ஐந்தாறு தடவைதான் கிடைத்திருக்கிறது.

அவள் கணவன் பிரகாசம் கெட்டவன் இல்லை. தறி ஓட்டுபவன், கணக்காகப் பேசுபவன். “ரெண்டாவது கோர்ஸ் முடியற வரைக்கும் ஒரு ஷிப்ட் ஓட்டட்டுமுங்க மிஸ். வேலை கெடச்சா சந்தோசம். இல்லீன்னா பழையபடி ரெண்டு ஷிப்ட் ஓட்டித்தானுங்க ஆகோணும்” என்று என்னிடமே சொல்லியிருந்தான். ஆக, அவள் மூச்சு அந்த இரண்டாம் கட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முதல் கட்டம் முடிகிற வாரம் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அடுத்த கட்டத்துக்குப் பணம் கொடுக்கும் முன்னால், ஒவ்வொரு பெண்ணையும் போனில் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்களாம். நான் உடனே எல்லோரையும் உட்கார வைத்துப் புத்தி சொன்னேன். பெரிய இடத்திலிருந்து பேசுகிறார்கள், பணிவாகப் பேசுங்கள், இது வேண்டும் அது வேண்டும் என்று பறக்காதீர்கள், நம் மரியாதையை நாம்தான் காப்பாற்ற வேண்டும். இப்படி என்னென்னவோ. அன்றைக்கு என் வாயில் யாராவது ஒரு கூடைப் பஞ்சை அடைத்திருக்கலாம்.

பொற்கொடிக்குப் போன் வந்தது பட்டறையில் இருக்கும்போது. தறிச் சத்தத்துக்குப் பயந்து ரோட்டுக்கு ஓடி வந்து எடுத்திருக்கிறாள். பேசியது சென்னையில் இருக்கும் ஏதோ ஒரு பெண். பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டாள். ரொம்ப நல்லா இருந்ததுங்க என்றாள் பொற்கொடி. இரண்டாம் கட்டப் பயிற்சி உங்களுக்குத் தேவைப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி.

“ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க இன்னும் செரமம்? இத்தன நாளு செஞ்சதே பெருசுங்க. போதுங்க.”

“சரிங்க மேடம், நன்றி” என்று அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டோம் என்போம். பசி காதை அடைத்தாலும் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் மறுபடி கேட்பார்கள். மறுபடியும் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள், அதற்கப்புறம் சாப்பிடுவோம். முதல் தடவையே சரி என்று உட்கார்ந்தால் பறக்காவெட்டி என்று ஊரே சிரிக்கும். இது பொற்கொடிக்குத் தெரியும். சென்னைப் பெண் கையில் இருந்த படிவத்துக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. இருபத்தெட்டுப் பேரில் இருபத்தைந்து பேருக்கு மேற்கொண்டு பயிற்சி தேவையில்லை என்றிருந்தது. வேண்டும் என்று சொன்ன மூன்று பேரில் சாயிரா பானு பெங்களூரில் வளர்ந்தவள். மற்ற இருவருக்கும் என்ன துணிச்சலோ, தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: இப்பகுதியில் தேவை நிறைவடைந்தது.

பஸ் பிடித்துப் பீளமேட்டுக்குப் போனேன். இந்தத் திட்டத்தைப் பார்க்கும் சாய்குமார் முப்பது வயதுப் பையன், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தான்.

“நாங்களா முடிவு பண்ணல மேடம். அவங்ககிட்டயே கேட்டோம்” என்றான்.

“எத்தன தடவ கேட்டீங்க?”

அவனுக்குப் புரியவில்லை.

“உங்க ஊட்டுக்கு ஒரம்பரை சனம் விருந்துக்கு வந்தா, ஒருக்கா கேட்டுப்போட்டு எலைய எடுத்துருவீங்களா தம்பி?”

சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். அவனும் அவிநாசிப் பக்கம்தானாம். அறிக்கையை மூடி ஓரமாக வைத்தான். பிறகு மெதுவாக, பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது, இந்த வருடம் ஒன்றும் செய்ய முடியாது என்றான். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மாடியைக் காலி செய்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பொற்கொடி வீட்டுக்குப் போனேன். அவள் இரண்டு ஷிப்டுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. இருமல் வாசலிலேயே கேட்டது.

“எதுக்கு அம்மணி போதும்ன்ன?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“மறுக்காக் கேப்பாங்கன்னு இருந்தனுங்க மிஸ். போன வச்சுப்போட்டாங்க. லைன் கட் ஆயிருச்சாட்ட இருக்குதுன்னு ரோட்டுலயே கொஞ்ச நேரம் நின்னு பாத்தனுங்க. அப்பறமும் ஒரு மாசம் போனக் கையிலயேதான் வச்சிருந்தனுங்க.”

நீங்கள்தானே அப்படிப் பேசச் சொன்னீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உள்ளே போய்த் தட்டு எடுத்து வந்தாள். “கொள்ளுப் பருப்பு கடஞ்சிருக்குதுங்க மிஸ், ஒரு வாய் சாப்புடுங்க.”

“வேண்டாம் பொற்கொடி, சாப்புட்டுத்தான் வந்தேன்.”

“அதெப்படிங்க, இந்நேரத்துக்கு வந்துபோட்டு. சாப்புடுங்க.”

“வேண்டாம் கண்ணு.”

இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வெகுநேரம் இருமினாள். அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, மூன்றாம் தடவை கேட்டாள்.

நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.