மச்சான் கேட்ட நெருப்பு

இருபது வருஷம் பிடிச்ச சுருட்டை விட்டதுலேர்ந்து, சாயங்காலமானா வாய் நமநமங்குது. உடனே ஒரு கிராம்பைக் கடிச்சிக்கிட்டு மாதா சிலை வச்ச கெபிக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வருவேன்.

என் மச்சான் சவரிமுத்துக்கு இது பொறுக்கல. தினம் எனக்குப் பக்கத்துல, ஆளை உக்கார வச்சித் தள்ளிக்கிட்டுப் போற தன் புஸ்புஸ் வண்டியை நிறுத்தி, என் மூஞ்சியிலயே புகையை ஊதி, "ஒரே ஒரு இழுப்பு, மச்சான்"ம்பான். கருவிக்கிட்டே இருந்தேன்.

இன்னைக்கு மழையில அவன் தீப்பெட்டி நமத்துப்போச்சு. சுருட்டை வாயில வச்சிக்கிட்டு கெபி வரைக்கும் பின்னாலயே வந்தான்.

"மச்சான், கொஞ்சம் நெருப்பு குடு."

என்கிட்ட இருந்தது ஒரே குச்சி. நிதானமா உரசுனேன். அவன் ரெண்டு கையையும் குவிச்சிக்கிட்டு ஆசையா குனிஞ்சான்.

நான் திரும்பி மெழுகுவத்தியை ஏத்திட்டேன்.

"அதோ எரியுது பாரு. மாதாகிட்ட கேட்டுட்டு பத்த வச்சிக்க."

சுருட்டை மடியில ஒளிச்சிக்கிட்டு சிலுவை போட்டான் பாருங்க, என் வயிறே குளுந்துபோச்சு!

நான் போனதும் பத்த வச்சிக்குவானோன்னு, மெழுகுவத்தி உருகி அணையற வரைக்கும் முட்டி போட்டு ஜெபம் பண்ணேன். அவனும் பக்கத்துலயே முட்டி போட்டிருந்தான்.

இதைச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.