செவ்வாய்க்கிழமை இறக்கம்

பிரஷாந்தினிக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். பதினொரு வருடம் லாசால் பகுதியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஐம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவள். நாற்பத்தொரு வயதில் பெரிய லைசென்ஸ் எடுத்து, பழைய டீசல் லொறி ஒன்றும் வாங்கியபோது, "பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டவர்கள் எல்லோரும் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் ஷார்லவுவா மலைப்பக்கத்துக் கடைகளுக்குப் பலசரக்கு ஏற்றிப் போவாள். போன மாதம் அங்கே ஒரு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததில் சக்கரச் சில்லுகள் சூடேறிப் புகைந்தன. மேலும் மிதித்தாள்; லொறி நிற்கவில்லை. எப்படியோ ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினாள். அதற்குப் பிறகு இரண்டு செவ்வாய் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பிவிட்டாள். மூன்றாவது தடவையும் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று கம்பனியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஓட்டம் கைவிட்டுப் போனால் லொறியை வைத்திருக்க முடியாது. ஆனால் அவளைத் தூங்கவிடாதது வேறு: இனி எந்த இறக்கத்திலும் தன்னால் இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம்.

கிறகரியிடம் போனாள். லாசாலில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருப்பவர். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வார். அதுவும் லொறியைப் பார்த்துத்தான் சொல்வார். "எக்ஸோஸ்ட் பிரேக் பூட்டுவம்," என்றார். புகைக்குழாய்க்குள் ஒரு தட்டு. அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் அது மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத புகை எஞ்சினை இழுத்துப் பிடிக்கும். சில்லு பிரேக்குக்குப் பாதி வேலை குறையும். அமுக்கம் மிஞ்சினால் எஞ்சினுக்கே கேடு என்று, மீட்டரைப் பூட்டி, தட்டின் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அளந்தார்.

தெருவில் ஓட்டிப் பார்த்தாள். புது பிரேக் பிடிக்கவில்லை. திரும்பிக் கொண்டுவந்தாள். அவர் அளந்தார், எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி ஓட்டினாள், மறுபடி பிடிக்கவில்லை. மூன்றாம் தடவை, வந்திருந்த ஆட்களுக்கு முன்னாலேயே வெடித்துவிட்டாள்.

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ அண்ணை! ஏன் என்னைச் சாகக் குடுக்கிறீங்கள்?"

கிறகரி ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது, "காலை எடுங்கோ," என்றார்.

"எடுத்திட்டன்."

"எடுங்கோ பிள்ளை."

"எடுத்திட்டன் எண்டு சொல்லுறன்!"

அவர் குனிந்து டோர்ச்சை அடித்தார். பிரஷாந்தினியின் காலில் இருந்தது முழங்கால்வரை வரும் பனிச்சப்பாத்து, ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். கால் எழும்பித்தான் இருந்தது. சப்பாத்தின் மூக்கு மட்டும் அக்சிலேட்டரில் சொகுசாகச் சாய்ந்து கிடந்தது. மிதி முழுவதும் எழும்பாமல் தட்டு எப்படி மூடும்? பார்த்ததும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்த மனிசன் இப்போது என்ன சொன்னாலும் தகும் என்று நினைத்தாள்.

"பிழை என்ரை," என்றார் கிறகரி. "என்ரை சப்பாத்தோட நான் மிதிச்சு செற் பண்ணினனான். ஓடுறது நீங்களெல்லே."

கராஜுக்குத் திரும்பியதும், சப்பாத்தைக் கழற்றாமல் அவளை இருக்கையில் இருத்தி, தான் மிதிக்குக் கீழே மல்லாந்து படுத்தார். "மிதியுங்கோ. எடுங்கோ. சும்மா விடுங்கோ, நீங்கள் வழக்கமா விடுற மாதிரி." ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அது நடந்தது. தட்டை மூடவைக்கும் சுவிட்சை நகர்த்தினார். மிதிக்குப் பக்கத்தில் அந்தச் சப்பாத்து இளைப்பாற ஓர் இரும்புத் தட்டை அளந்து வெட்டிப் பூட்டினார். கடைசியில், "வழுக்கல் றோட்டில இந்த எக்ஸோஸ்ட் பிரேக்கை நிப்பாட்டிப் போடோணும்," என்று இரண்டு தரம் சொன்னார். தன் கால் எங்கே ஓய்வெடுக்கும் என்று குடியேறி வந்த இந்த நாட்டில் ஒருவர் இவ்வளவு நேரம் யோசித்ததை எண்ணி, அந்தத் தட்டில் காலை வைத்து வைத்து எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் அடுத்த லொறியின் அடிக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை தெரு காய்ந்து கிடந்தது. இறக்கத்தின் தலையில் கியரைக் குறைத்து, காலை எடுத்து இரும்புத் தட்டில் வைத்தாள். எஞ்சின் உறுமியது, லொறி யாரோ பின்னால் பிடித்துக்கொண்டதுபோல் தணிந்தது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. பிரேக்கை எப்போதாவது ஒரு தரம்தான் தொட்டாள். பள்ளத்தாக்குக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தி, கிறகரியைப் போனில் அழைத்தாள். முதல் மணி முடியுமுன்னே எடுத்துவிட்டார்.

"இறங்கிட்டீங்களோ?"

"இறங்கிட்டன் அண்ணை." அழுகை வந்துவிட்டது. "நீங்கள் நல்லா இருக்கோணும். அண்டைக்குச் சொன்னதை மனசில வைச்சிருக்காதேங்கோ. ஆனா, நான் இப்ப இறங்குவன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"எட்டு மணிக்கு வெளிக்கிட்டா பன்னிரண்டரைக்கு அந்த இறக்கம் வருமெண்டு தெரியும்தானே." பிறகு சொன்னார்: "போய்ச் சாப்பிடுங்கோ பிள்ளை. நானும் இனித்தான் சாப்பிடப் போறன்."