முள் இல்லாத கடிகாரங்கள்

அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய மூச்சு எனக்குப் பழக்கமாகிவிட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பலகையில் எந்தத் தகடு விழுந்தால் யார் கூப்பிடுகிறார்கள், எந்தக் கயிற்றை எந்தத் துளையில் செருக வேண்டும், கம்பி அறுந்திருக்கிறதா அல்லது மரக்கிளையில் உரசுகிறதா என்பதைக் காதால் எப்படிப் பிரித்தறிவது என்றெல்லாம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் சம்பளத்துக்குப் போன முதல் பெண் நான்தான். அத்தாவுக்குத் தெற்குமாசி வீதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. பெண் பிள்ளையை இப்படி அனுப்பலாமா என்று ஜமாத்துக்காரர் ஒருவர் கடைக்கே வந்து கேட்டார். அத்தா நிதானமாக, "முகத்தை யாரும் பாக்கப் போறதில்லை பாய். இதைவிடக் கோஷாவா ஒரு வேலை எங்க இருக்கு?" என்றார். குரல் கேட்குமே என்றார் வந்தவர். கேட்கட்டும், நம்பர்தானே சொல்லப்போகிறாள் என்று சொல்லிவிட்டு அத்தா லென்ஸை மறுபடி கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

லைன்மேனை எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். தன் மகளைவிட இளையவள் அண்ணே என்கிறாளே என்று அவருக்குச் சிரிப்பு. அவர் என்னைத் தாயி என்பார். திண்டுக்கல் ரோட்டில் பரவை வரைக்கும், மேற்கே உசிலம்பட்டி வரைக்கும் போகும் கம்பிகள் அவர் பொறுப்பு. ஒரு லைன் செத்துப்போனால் சைக்கிளில் புறப்படுவார். கம்பத்தில் ஏறி, தோளில் மாட்டியிருக்கும் சின்ன டெலிபோனைக் கம்பியில் கவ்வவிட்டு, கைப்பிடியைச் சுற்றுவார். என் பலகையில் தகடு விழும். நான் செருகுவேன். "பேசுறேன் தாயி, கேக்குதா?" என்பார். கேட்டால் அதுவரைக்கும் லைன் நன்றாக இருக்கிறது. இறங்கி, அடுத்த சில கம்பங்களைத் தாண்டி மறுபடி ஏறுவார். கேட்காமல் போகிற இடத்துக்கு முன்னால்தான் பழுது.

முதலில் தகடு விழுந்த மறுகணமே அவர் குரல் வந்துவிடும். பிறகு ஒரு சின்ன இடைவெளி விழ ஆரம்பித்தது. சில மாதங்களில், அந்த இடைவெளியில் நான் வெளியூர் அழைப்புக்கான ஒரு டிரங்க் கால் டிக்கெட்டை எழுதி முடித்துவிட முடிந்தது.

அந்த டிக்கெட்டுகளில் ஒன்றின் பின்பக்கத்திலேயே காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். கவ்வி தளர்ந்திருக்கலாம், அப்படியானால் கரகரப்பு கேட்க வேண்டும், கேட்கவில்லை. காற்றாக இருக்கலாம், காற்றில்லாத நாளிலும் இடைவெளி இருந்தது. பேசும் கருவியில் கோளாறு இருக்கலாம்; பேச ஆரம்பித்த பிறகு குரல் தெளிவாக இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துவிட்டு அவரிடமே கேட்டேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன், துப்பிவிட்டுப் பேச வேண்டாமா என்றார். கம்பத்தின் உச்சியிலிருந்து துப்பினால் கீழே போகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். பரவைச் சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதனால்தான் குடையோடு போகிறார்கள் என்றார். நானும் சிரித்தேன். வெற்றிலை என்று எழுதி, அதை அடிக்காமல் விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. ஐம்பத்தைந்து நிறைந்தால் ஓய்வு என்பது விதி. பட்டாளத்துக்குப் போன வாலிபர்களின் இடம் காலியாகக் கிடந்ததால், உடல் தகுதி உள்ளவர்கள் மேலும் இரண்டு வருஷம் வேலையில் இருக்கலாம் என்றார்கள். அண்ணனுக்கு இரண்டு மாதத்தில் ஐம்பத்தைந்து. வழியனுப்பு மாலைக்குப் பணம் வசூலித்து வைத்திருந்த கிளார்க், அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

அன்று கம்பத்திலிருந்து பேசும்போது வாழ்த்துச் சொன்னேன்.

"அம்பத்தஞ்சுல கிழவன்னு சொன்ன சர்க்காரு, இப்ப அம்பத்தேழுலதான் கிழவன்ங்குது. ஒரே நாள்ல எனக்கு ரெண்டு வயசு குறைஞ்சுபோச்சு தாயி" என்றார்.

அவருக்கு அது வேடிக்கை மட்டுமல்ல. உசிலம்பட்டி எதிர்முனை பதில் சொல்வதற்காகக் காத்திருந்த நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்னார். ஆரம்பத்தில் பல வருஷம் தினக்கூலியாகக் குழி தோண்டிக் கம்பம் நட்டிருக்கிறார். அந்த வருஷங்கள் கணக்கில் சேராது. அதனால் ஐம்பத்தைந்தில் போனால் ஒரே தடவையாகக் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த இரண்டு வருஷமும் சேர்ந்தால்தான் உயிருள்ள வரைக்கும் மாதப் பென்ஷன். ஆனால் ஒரு வருஷம் முடிந்ததும் டாக்டர் பார்ப்பார். கம்பம் ஏற லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் அன்றோடு சரி.

ஊரில் நிலம் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, எல்லாம் மானாவாரி என்றார். மேகம் அந்தப் பக்கம் வந்தால் சோளம், வராவிட்டால் ஆட்டுக்குக்கூட ஒன்றுமில்லை.

"வயசான காலத்துல வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது தாயி. மாசம் பொறந்தா தவறாம பெய்யிற மழை ஒண்ணு வேணும். எனக்குப் பென்சன்னா அதுதான்."

ஐப்பசி அடைமழையில் பரவை லைன் போயிற்று. மத்தியானம் தகடு விழுந்தது. செருகினேன். குரல் வரவில்லை. கம்பி உயிரோடு இருந்தது. மழைச் சத்தம் கேட்டது. அதற்கு அடியில் மூச்சும் கேட்டது. ஒரு டிக்கெட் எழுதினேன், இன்னொன்றும் எழுதினேன். "தாயி" என்றார். அவ்வளவுதான். இணைப்பு விடுபட்டது.

கொஞ்ச நேரத்தில், பழுதுக்கு இந்தப் பக்கம் வழியிலிருந்த ஒரு நெல் மண்டி டெலிபோனிலிருந்து ஒரு புதுக்குரல் என்னைக் கூப்பிட்டது. அண்ணனோடு கூடப் போகும் ஆள், அவருடைய மைத்துனர். ஒரு கால் சற்றுக் குட்டையானதால் பட்டாளத்திலும் எடுக்கவில்லை, கம்பத்திலும் ஏற முடியாது. ஏணியையும் சைக்கிளையும் பிடித்துக்கொள்வது அவர் வேலை.

"கம்பத்தடியில உக்காந்திருக்காரு. செத்த நேரம் கழிச்சு ஏறுவாரு. தப்பா எடுத்துக்கிறாதீக" என்றார்.

வெற்றிலை மெல்கிறாரா என்று கேட்டேன்.

"மச்சானுக்கு வெத்திலைப் பழக்கமே கிடையாதே" என்றவர், பிறகுதான் புரிந்துகொண்டு, "யாருக்கிட்டயும் சொல்லிறாதீக தாயி" என்றார்.

டிக்கெட்டின் பின்பக்கத்தில் மிச்சமிருந்த ஒரே காரணத்தையும் அடித்தேன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். அவர் இளைஞராகப் போவதில்லை. அதை நான் மாற்ற முடியாது. கம்பம் உயரம் குறையப் போவதில்லை. ஆனால் அவர் ஏறும் கம்பங்களை இரண்டாகப் பிரிக்கலாம். பழுதுபார்க்க ஏறுவது ஒன்று. "கேக்குதா?" என்று கேட்க மட்டும் ஏறுவது மற்றொன்று. பழுது இருப்பது ஒரே கம்பத்தில். அதைக் கண்டுபிடிக்கத்தான் மற்றவற்றில் எல்லாம் ஏறி இறங்குகிறார். கேட்பதற்கு எதற்கு உச்சிக்குப் போக வேண்டும்? சில கம்பங்களில் மட்டும் லைனிலிருந்து இரண்டு கம்பியைக் கீழே இறக்கி, நெஞ்சுயரத்தில் ஒரு பெட்டிக்குள் முடித்து வைத்தால் தரையில் நின்றே பேசலாம். பெரிய லைன்களில் இப்படி உண்டு என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

லைன் இன்ஸ்பெக்டரிடம் போனேன். பழுது சீக்கிரம் அகப்படும், மழையிலும் சோதிக்கலாம், ஏற முடியாத ஆளும் சோதிக்கலாம் என்று மூன்று லாபம் சொன்னேன். மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் அல்ல. யுத்த காலத்தில் ஓர் ஆணிக்குக்கூட மேலே எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. யோசனையெல்லாம் சரிதான், பெட்டிக்கு எங்கே போவது என்றார். கழித்துப்போட்ட கம்பி ஸ்டோரில் கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். பெட்டி மட்டும் இலாகாவிடம் கேட்காதே என்றார்.

அத்தா கடையின் பரணில் சுவர்க் கடிகாரக் கூடுகள் அடுக்கியிருந்தன. உள்ளே இருந்த இயந்திரத்தை எல்லாம் வேறு கடிகாரங்களுக்கு உதிரியாக எடுத்தாயிற்று. கூடு மட்டும் மிச்சம். தேக்கு மரம், கதவு, கதவுக்குக் கொக்கி. கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

"அவருக்கு உத்தரவு வருது, இம்புட்டு வயசு வரைக்கும் இருன்னு. நமக்கு யாரு உத்தரவு போடுறது? கை நடுங்குற அன்னிக்கு நான் ரிட்டயர்" என்றார் அத்தா. சொல்லிவிட்டுக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். நடுங்கவில்லை. ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.

கூடுகளை எடுத்துப்போக ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் கடைக்கு வந்தார். நான் உள்ளே திரைக்குப் பின்னால் கதவுகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். குரலை வைத்து நெடிய ஆள் என்று நினைத்திருந்தேன். திரை இடுக்கில் பார்த்தால் குட்டையான, நரைத்த மீசைக்காரர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டெலிபோன் அம்மா சொல்லி அனுப்பியது என்று அத்தாவிடம் தயக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளிருந்து, "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும், திரையைப் பார்த்து, "வெத்திலை சமாச்சாரம் தெரிஞ்சுபோச்சோ?" என்றார்.

"தெரியும்ணே."

"அப்ப சரி" என்று சொல்லி, கூடுகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார்.

பரவைச் சந்தைக்குப் பக்கத்துக் கம்பத்தில் முதல் கூட்டை அறைந்த அன்று அங்கே கூட்டம் கூடிவிட்டதாக மைத்துனர் பிறகு சொன்னார். சர்க்கார் ரோட்டுக்கு ரோடு கடிகாரம் வைக்கப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கத்தரிக்காய் விற்கும் அம்மாள் ஒருத்தி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, முள் எங்கே, மணி எங்கே என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் தோள் டெலிபோனை உள்ளே மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். என் பலகையில் தகடு விழுந்தது. செருகினேன்.

"தாயி, மணி எங்கேன்னு கேக்குறாக. கொஞ்சம் அடி" என்றார்.

நான் இங்கிருந்து மணிக் கைப்பிடியைச் சுழற்றினேன். கூட்டுக்குள்ளே கிணுகிணுவென்று அடித்திருக்கிறது. அந்த அம்மாள் பின்னால் நகர்ந்து போய், "மணி அடிக்குது, நேரம் காட்டலையே. இது என்ன கடியாரம்?" என்று கேட்டதும், அண்ணன் அவளுக்குச் சொன்ன பதிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இதுல நேரம் ஓடாது ஆத்தா. நான் அம்பத்தஞ்சுலயே நிப்பேன்."

தகடு விழுந்ததற்கும் குரல் வந்ததற்கும் நடுவே அன்று ஒரு டிக்கெட்டும் எழுதவில்லை. எழுத நேரமில்லை.

அதன்பிறகு கேட்பதற்கு ஏறுவது நின்றது. பழுது இந்தக் கூட்டுக்கும் அந்தக் கூட்டுக்கும் நடுவே என்று தெரிந்த பிறகுதான் ஏறுவார். மெதுவாக, நடுவில் நின்று ஏறுவார். மைத்துனரும் சோதிக்கக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் டெலிபோனில் என்னிடம் கத்துவார். மதுரை எம்புட்டுத் தூரம், கத்தாம எப்படிக் கேக்கும் என்பார். கத்தாமலே கேட்கிறது என்று பல முறை சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் பார்க்கும் நாள் வந்தது. அண்ணன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கிளார்க் சொல்லித்தான் தெரியும். அன்று காலையில் நான் வழக்கம்போல டிக்கெட்டுகளை அடுக்கினேன், பென்சில்களைச் சீவினேன், கயிறுகளின் முனையைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறி இறங்கச் சொல்லி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார்கள் என்று கிளார்க் சொன்னார். அந்தக் குழாயில் டாக்டருக்குக் கேட்கப்போவது எனக்கு முன்பு பல மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்ததுதான். ஆனால் சில மாதங்களாக அது என் காதில் விழவில்லை. டாக்டர் காதிலும் விழக்கூடாது என்று துஆ கேட்டேன்.

பிற்பகலில் பரவைத் தகடு விழுந்தது.

"பேசுறேன் தாயி. லைன் நல்லாருக்கு" என்றார்.

லைனில் பழுதே இல்லையே, எதற்குச் சோதித்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் நல்லாருக்கேன்னு டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு. அதைச் சொல்லத்தான் சோதிச்சேன்."

இரண்டாவது வருஷத்தின் கடைசி நாளில் கிளார்க் மறுபடி வசூல் செய்து, இந்தத் தடவை மாலையே வாங்கினார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பகுதியைப் பிடித்துச் சேர்த்து வைக்கும் சேமிப்பில் சேருகிறாயா என்று அவர் என்னிடம் கேட்டிருந்தார். கல்யாணமானால் வேலையை விட்டுப் போகிற பெண்ணுக்கு எதற்கு என்று பக்கத்துப் பலகைக்காரி சொன்னாள். அத்தாவைக் கேட்டேன். பிடிக்கட்டும், கண்ணில் படாத காசுதான் நிற்கும் என்றார். கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்தைந்தோ ஐம்பத்தேழோ, எனக்கான கிழவி வயதை எந்த சர்க்கார் எப்படி வைத்தாலும், அதுவரை சேரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் வந்தார். மைத்துனரைக் கூடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இன்ஸ்பெக்டர் வைத்துக்கொண்டார். பென்ஷன் காகிதங்கள் மெதுவாக நகர்ந்தன. மாதங்கள் போயின, செய்தி இல்லை. மைத்துனரிடம் கேட்டால், இன்னும் வரவில்லை என்பார்.

சித்திரையில் ஒரு நாள், கொதிக்கிற வெயில். உசிலம்பட்டித் தகடு விழுந்தது. போஸ்ட் ஆபீஸிலிருந்து டிரங்க் கால். மூன்று நிமிஷத்துக்குக் காசு கட்டியிருந்தார்கள். எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டேன்.

"நம்பரெல்லாம் வேணாம் தாயி. உனக்குத்தான் பேசுறேன்."

குரல் உடனே வந்தது. மூச்சு எங்கேயும் தட்டவில்லை.

நலம் கேட்டேன். ஆடுகள் வாங்கியிருப்பதாகச் சொன்னார். பரவையில் கூடுகள் பத்திரமா என்று கேட்டார். ஒன்றில் தேனீ கூடு கட்டிவிட்டது, மற்றவை பத்திரம் என்றேன். காசு கட்டின நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்:

"இன்னிக்கு இங்க மழை தாயி."

பக்கத்துப் பலகைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்றாள். உசிலம்பட்டியில் மழையாம் என்றேன். இந்த வெயிலிலா என்றாள். ஆமாம், இனி மாதாமாதம் பெய்யும் என்று சொல்லிவிட்டு, அடுத்த தகட்டுக்குக் கயிற்றைச் செருகினேன்.