நாய்க்குக் கொடுத்த சாவிக்கொத்து

அப்பாவுக்கு முதல் பிள்ளை ஜிம்மி. நான் இரண்டாவது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா பம்மலில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மதியம் சாப்பிட வரும்போது டீக்கடையில் பொறை பிஸ்கட் வாங்கி வருவார். அது ஜிம்மிக்கு. ஆட்டோவை நிறுத்தும் முன்பே அதைத்தான் கூப்பிடுவார். நான் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சோப்பு டப்பாவைக் காட்டினால் "ம்" என்பார். ஜிம்மி எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் படுத்திருந்த ஜிம்மி எழுந்து, கொஞ்சம் தள்ளாடி, அப்படியே பக்கவாட்டில் விழுந்தது. நான்கு காலும் விறைத்து இழுத்தன. பல் கிட்டிக்கொண்டது. வாயில் நுரை.

பக்கத்து வீட்டு அண்ணன் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, வெறி புடிச்சிக்கீது! புள்ளைய உள்ள இட்டுகினு போ!"

கத்திக்கொண்டே இரும்புக் கம்பியோடு வந்துவிட்டார்.

அம்மா உள்ளிருந்து சாவிக்கொத்தோடு ஓடி வந்தாள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பார்கள். ஜிம்மியின் முன்னங்காலில் சாவிக்கொத்தை வைத்து அழுத்தினாள். விழுந்தது. மறுபடி வைத்தாள்.

"புடிக்க மாட்டேங்குதுங்க."

"நாய்க்கு ஏது அண்ணி கையி?" என்றார் அண்ணன், கம்பியை இறக்காமல்.

அப்பா இரண்டு பேரையும் தள்ளிவிட்டு, கம்பிக்கும் நாய்க்கும் நடுவில் குந்தினார்.

"வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வலிப்புடா இது. கம்பி அது மேல பட்டுச்சு, உன்ன வுட மாட்டேன்."

அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டிவியை நிறுத்தச் சொன்னார். அருகில் இருந்த குடத்தையும் சைக்கிளையும் தள்ளி வைத்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். "ஊத்தாத. வாய்கிட்ட கையும் கொண்டு போவாத. தானா நிக்கும்" என்றார். காலைப் பிடித்து அமுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பிறகு குனிந்து, மெல்ல, "ஒண்ணுமில்லடா கண்ணு. அப்பா இங்கதான் கீறேன்" என்றார்.

கண்ணு. என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இழுப்பு நின்றது. ஜிம்மி படுத்தபடியே மூத்திரம் போனது. எழுந்து சுவரில் முட்டிக்கொண்டது. அப்பாவையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. அப்பா தொடாமல், அது சுற்றி வந்து படுக்கும் வரை பொறுத்திருந்தார். அண்ணன் கம்பியைக் கீழே போட்டார். "டாக்டராண்ட காட்டிடுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். நாய்க்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா, "அதான் சரியாயிடுச்சே" என்றாள்.

"எனக்கும் வலிப்பு வரணும்" என்றேன்.

அம்மா என் வாயிலேயே ஓர் அடி வைத்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை. அப்பா எழுந்து போய், காலையில் துடைத்த ஆட்டோவை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். திரும்பவே இல்லை. நாய்க்கு வந்ததைச் சொன்னால் கூட இவர்களுக்குப் பொறுக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகனுக்கு முதல் முறை ஜுரம் அடித்த அன்றுதான் அம்மா சொன்னாள். எனக்கு இரண்டு வயதில் ஜுரம் ஏறி வலிப்பு வந்ததாம். ஒரு தரம் அல்ல, பல தரம். ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் அப்பா மனப்பாடம் செய்துகொண்டு வந்தாராம். ஒவ்வொரு தரமும் பக்கத்தில் குந்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் என்னவோ பேசிக்கொண்டே இருப்பாராம்.

எனக்கு ஒன்றும் நினைவில்லை. இழுப்பில் கிடக்கும்போது காதில் எதுவும் விழாதாம். ஜிம்மிக்கும் விழுந்திருக்காது.