மூன்றாம் பாட்டின் நொண்டல்

கல்யாணப் பத்திரிகையைக் கழித்துவிட்டால், மாமாவின் பெயர் அச்சாகியிருப்பது ஒரே ஓர் இடத்தில்தான். ‘தகரக் கூரை’ என்ற கேசட்டின் உள்ளட்டையில், கடைசி வரியில்: ‘டிரம்ஸ் – கடிகாரம்’. அதுவும் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தாளம் பிசகாமல் வாசிப்பார் என்று கூட வாசித்தவர்கள் வைத்த பட்டப்பெயர். அத்தையைக் கேட்டால் வேறு காரணம் சொல்வாள். “ஆமா, கடிகாரம்தான். சாவி குடுத்தாத்தான் நகரும்.”

மாமா என்றால் என் அத்தையின் கணவர். முப்பது வருடமாக ஒரே லேத் பட்டறையில் வேலை. இரும்பைக் கடையும்போது கண்ணை விடக் காதைத்தான் நம்புவார். பக்கத்து மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே “அதுல பேரிங் போகப்போகுது” என்பார். ஒரு வாரத்தில் போகும்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், கல்யாணத்துக்கு முன்னால், அவரும் மூன்று நண்பர்களும் ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். வேலை செய்கிறவர்கள் பாடுகிற பழைய மெட்டுகளை எடுத்து, கிடாரும் டிரம்ஸும் சேர்த்து, சத்தமாக வாசிப்பது அவர்கள் பாணி. ஒரு காலிக் கிடங்கில், தகரக் கூரைக்கு அடியில், ஒன்பது பாட்டைப் பதிவு செய்தார்கள். கேசட் வந்தது. யாரும் சீண்டவில்லை. கொஞ்ச நாளில் குழு கலைந்தது. பேஸ் வாசித்தவர் இறந்துவிட்டார், கிடார்காரர் எங்கேயோ போய்விட்டார். பாடகர் மட்டும் விளம்பரப் படங்களுக்குப் பாடிக்கொண்டு பாட்டுத் தொழிலிலேயே இருந்தார்.

மேற்படிப்புக்காக நான் ஊரிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கினேன். வந்த முதல் வாரமே மாமா அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். எனக்கு ராக் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் இரண்டே விஷயத்தைச் சொல்லிக்கொடுத்து, அதைக் கவனி என்றார்.

ஒன்று, ‘கீச்’. பெரிய டிரம்மை மிதிக்கும் பெடலை அவரே லேத்தில் கடைந்து செய்திருந்தார். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அது கீச்சிடும். ஒன்பது பாட்டிலும் அந்தக் கீச் கேட்கும்.

இன்னொன்று, மூன்றாம் பாட்டின் நொண்டல். அந்தப் பாட்டின் நடுவில் மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழ, மாமா தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஒரு அடி அரை நொடி தாமதமாக விழுந்தது. மற்ற மூவரும் திகைத்து, நின்று, அவரோடு சேர்ந்து மறுபடி புறப்பட்டார்கள். மாமா மன்னிப்புக் கேட்கப் போக, பாடகர்தான் தடுத்தாராம். “இத மாத்தாதீங்கடா. இந்தப் பாட்டுக்கு உசுரே இந்த நொண்டல்லதான் இருக்கு.”

இந்த ஒரு வரியை மாமா என்னிடம் குறைந்தது ஐம்பது தடவை சொல்லியிருப்பார். லேத்தில் ஆயிரக்கணக்கான உருப்படி கடைந்தவர். அவை எந்த மெஷினுக்குள் ஓடுகின்றன என்று அவருக்கே தெரியாது. ‘இது என் கை’ என்று காட்ட அவருக்கு இருந்தது அந்த அரை நொடிதான்.

நான் வந்த இரண்டாம் வருடம் கேசட் சிக்கி அறுந்தது. மாமா அலட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிவான மூல டேப், பெரியது, பீரோவில் இருந்தது. பதிவு செய்தவர் தொழிலை விட்டபோது, அவருக்கு ஒரு புல்லி கடைந்து கொடுத்துவிட்டு வாங்கி வந்தது. “என் நகை கீழ்த்தட்டு, இவரு டேப்பு மேல்தட்டு” என்பாள் அத்தை.

போன வருடம் ஒரு ஞாயிறு மதியம் பாடகர் காரில் வந்து இறங்கினார்.

“கடிகாரம்! ஓடுதா, நின்னுடுச்சா?”

“ஓடுது, ஓடுது. நீதான் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கறதில்ல.”

சாப்பிட்டு முடித்துத்தான் விஷயத்துக்கு வந்தார். எவனோ ஒருவன் பழைய கேசட்டிலிருந்து பாட்டுகளை எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறான், இளவட்டங்கள் தேடித் தேடிக் கேட்கிறார்கள், ஒரு கம்பெனி மறுபடி வெளியிடப் போகிறது. “டேப்பு உன்கிட்டதானே இருக்கு?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மாமா பீரோவைத் திறந்துவிட்டார்.

பாடகர் ஒரு ஒப்பந்தத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

மாமா அதை வாங்கி, பார்க்காமலே என்னிடம் நீட்டினார். எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். பள்ளிக்கூட விண்ணப்பமோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோ, எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் ‘சரி’ என்றால் சரி. அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

“மாப்ளே, பார்த்துச் சொல்லு” என்றார் மாமா. “நம்ம வீட்டுப் பட்டதாரிடா.”

“அய்யய்யோ, அப்ப நான் ஜாக்கிரதையா இருக்கணும்” என்றார் பாடகர். எல்லோரும் சிரித்தோம்.

முதல் இரண்டு பக்கத்தை வரிவரியாகப் படித்தேன். மூன்றாவது பக்கத்திலிருந்து சட்ட ஆங்கிலம் கெட்டியானது. ஒரு வாக்கியமே அரைப் பக்கம் ஓடியது. பாடகர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போனை எடுத்து அர்த்தம் தேட எனக்கு வெட்கம். மிச்சப் பக்கங்களைப் படிக்கிற வேகத்தில் புரட்டினேன்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா.”

மாமா கையெழுத்துப் போட்டார். டேப்பைத் துணியில் சுற்றி, கார் வரை சென்று கொடுத்துவிட்டு வந்தார்.

ஆல்பம் வெளியான அன்று என்னைப் பட்டறைக்கே வரச்சொன்னார். மதிய இடைவேளையில் மெஷின்களை நிறுத்தி, என் போனை ஸ்பீக்கரில் இணைத்து, எல்லோரும் கூடி நின்றோம். அட்டைப் படத்தைக் காட்டினேன். பெயர் இருந்தது: ‘டிரம்ஸ் – கடிகாரம்’.

முதல் பாட்டு முடியவும் வெல்டர் துள்ளினார். “அண்ணே, நீங்களா இது? பின்றீங்களே!”

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “கீச் வரல.”

“சுத்தம் பண்ணியிருப்பாங்க மாமா. இப்ப அதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு” என்றேன். அப்போதும் எல்லாம் தெரிந்தவன் நான்தான்.

“இருக்கும்.”

மூன்றாம் பாட்டு வந்தது. நடுவில் மாமா கையைத் தூக்கினார். “இப்ப வரும் பாருங்க.”

வரவில்லை. மேடு பள்ளம் நிரவிய சாலையில் வண்டி போவதைப் போல, பாட்டு அந்த இடத்தைக் கடந்து போனது. மாமாவின் கை மட்டும் தூக்கியபடியே இருந்தது.

மூன்று தடவை போடச் சொன்னார். பிறகு, “இது என் கை இல்ல” என்றார்.

“அதெப்படிண்ணே? பேரு போட்டிருக்கே.”

“என் இடது கை அடி ஒரு மயிரிழை பின்னாடி விழும். இவனுக்கு ரெண்டு கையும் ஒண்ணா விழுது. நல்லா வாசிக்கிறான். யாரோ சின்னப் பையன். நல்லாத்தான் வாசிக்கிறான்.”

பாடகருக்குப் போன் போட்டேன். மாமா அதை வாங்காமல், ஸ்பீக்கரிலேயே பேசினார்.

“யார்டா வாசிச்சிருக்கறது?”

“கேட்டியா? எப்படி இருக்கு? கடிகாரம், கோச்சுக்காதடா. உன் வாசிப்பு இந்தக் காலத்துக்கு எடுபடாதுன்னாங்க. நானும் யோசிச்சேன், சரின்னுதான் பட்டுச்சு.”

“அந்த நொண்டல்?”

“அது தப்புடா. அன்னிக்கு மறுபடி பதிவு பண்ண நேரம் இல்ல. நீ வருத்தப்படுவியேன்னு அப்படிச் சொன்னேன்.”

மாமா போன் பக்கம் குனிந்தார். “என் பேரு எதுக்குப் போட்டிருக்கே?”

“நட்புக்குடா! எவன் கண்டுபிடிக்கப் போறான்?”

“டேப்ப திருப்பிக் குடு.”

“அது இப்ப கம்பெனியோடது. நீதானே கையெழுத்துப் போட்ட? உன் பட்டதாரி படிச்சுப் பார்த்துத்தானே குடுத்தான்?”

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. அணைத்து வைத்த மெஷினைப் போட்டார். இடைவேளை முடிய இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து, பாடகர் விட்டுப்போயிருந்த ஒப்பந்த நகலைத் தேடி எடுத்தேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது: பதிவின் எந்தப் பகுதியையும் நீக்கலாம், மாற்றலாம், வேறொருவரைக் கொண்டு வாசிக்கச் செய்யலாம், மூல டேப் இனி கம்பெனிக்கே சொந்தம். மாமா வந்ததும் அதைத் தமிழில் சொன்னேன்.

“அன்னிக்கு இதப் படிச்சியா?”

“இல்ல மாமா. புரியல. புரட்டிட்டேன்.”

“புரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன்ல?”

“விடுங்க, சின்னப் பையன்” என்றாள் அத்தை.

“சின்னப் பையன் இல்ல. பட்டதாரி.”

நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலை குனிந்தேன்.

இணையத்தில் யாரோ போட்டிருந்த பழைய பதிவையாவது இறக்கிக் கொடுக்கலாம் என்று தேடினேன். கம்பெனி அதையும் எடுக்க வைத்திருந்தது. மாமா வாசித்ததைக் கேட்க இனி எங்களுக்கு வழியில்லை.

பத்து நாள் கழித்து மாமாவே என் அறைக்கு வந்தார். “ஒரு லெட்டர் எழுதணும். என் பேர அதுலேர்ந்து எடுக்கச் சொல்லி.”

“பேராவது இருக்கட்டுமே மாமா.”

“அந்தப் பையன் வாசிச்சதுக்கு என் பேரா? அவனுக்கும் இப்படித்தானே இருக்கும்?”

எழுதினேன். தமிழில், ஒரே பக்கம். வழக்கம்போல, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்து நீட்டினேன். மாமா என் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் அடியில் நகத்தால் கோடு இழுத்தபடி படித்தார். இரண்டு இடத்தில் அர்த்தம் கேட்டார். ஓர் இடத்தில் ‘பணிவுடன்’ என்று இருந்ததை அடிக்கச் சொன்னார். பிறகு அத்தையைக் கூப்பிட்டு, அவளையும் ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னார்.

கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, அவரே ஒட்டினார்.

“குடுங்க மாமா, நான் போட்டுட்டு வரேன்.”

“வேணாம் மாப்ளே. போற வழிதான்” என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார்.